பிளாஸ்டிக் உறையைக் குறைத்தால் உணவு கூடுதலாக வீணாகும் என்கிறார்களே, இரண்டையும் ஒருசேரக் குறைக்க முடியாதா?

முடியும் என்பதே என் பதில். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பது உண்மைதான். ஆனால் அது எல்லா உணவுக்கும் பொருந்துவதில்லை, சில வகைகளோடு நின்றுவிடுகிறது.

இரண்டு பக்கமும் சிக்கல் பெரிது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-இல் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றில் வீணான உணவு சுமார் 105 கோடி டன்; அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணானது. மறுபுறம், உலகில் சேரும் பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சியாகிப் பயன்பாட்டுக்குத் திரும்புவது 9 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது.

உறைக்காக வாதாடுபவர்கள் வழக்கமாக வெள்ளரிக்காயைத்தான் காட்டுவார்கள். அதன் எடையில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர் என்பதால், பறித்த சில நாட்களிலேயே ஈரம் இழந்து முனை தளர்ந்து சுருங்கத் தொடங்கிவிடும். மேலே இறுக்கமாகச் சுற்றப்படும் ஓரிரு கிராம் பிளாஸ்டிக் படலம் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. ஸ்பெயினிலிருந்து சுவிட்சர்லாந்துக்குச் செல்லும் வெள்ளரிக்காயை ஆராய்ந்த எம்பா என்ற சுவிஸ் ஆய்வு நிறுவனம், படலத்தால் வரும் சுற்றுச்சூழல் பாதிப்பு மொத்தத்தில் ஒரு விழுக்காடு அளவுதான் என்றும், வீணாவதைத் தடுப்பதால் கிடைக்கும் நன்மை அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் 2022-இல் கணக்கிட்டது.

அதே ஆண்டில் பிரிட்டனின் ராப் என்ற அமைப்பு ஆப்பிள், வாழைப்பழம், புரோக்கோலி, வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு ஆகிய ஐந்தையும் உறையோடும் உறையில்லாமலும் வைத்துச் சோதித்து, வீட்டில் அவை கெடாமல் இருக்கும் காலத்தை உறை பெரிதாகக் கூட்டுவதில்லை என்று அறிவித்தது. வாழைப்பழம் நீங்கலாக மற்றவற்றின் ஆயுளைக் கூட்டியது, 5 டிகிரிக்குக் கீழே வைத்த ஃபிரிட்ஜின் குளிர்ச்சிதான். வெள்ளரிக்காய் இரண்டு ஆய்விலும் இருப்பதைக் கவனியுங்கள். முதல் ஆய்வு நெடுந்தூரப் பயணத்தையும் சேர்த்துப் பார்த்தது, இரண்டாவது வீட்டுக்கு வந்தபின் நடப்பதைப் பார்த்தது. அதனால் இவை ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை. தொலைவிலிருந்து வரும் காய்க்கு உறை உழைக்கிறது; அருகில் விளைந்து ஓரிரு நாளில் விற்றுப்போகும் காய்க்கு அது வெறும் அலங்காரம்.

அளவும் இதில் சேர்கிறது. இரண்டு காய் போதும் என்பவர் ஆறு காய் கொண்ட பாக்கெட்டை வாங்க வேண்டியிருந்தால், மீதி நான்கும் அழுகும்போது அவற்றை வீணாக்கியது அந்த உறைதான். உதிரியாக விற்பனை செய்தால் இரண்டு சிக்கலும் ஒரே நேரத்தில் குறைகின்றன.

இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வேறு கதை. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகாமல் தடுத்தால்தான் அவை நாட்கணக்கில் தாங்கும். ஒரு கிலோ மாட்டிறைச்சியை உருவாக்கத் தீவனம், நீர், நிலம் என்று செலவாவதோடு ஒப்பிட்டால், அதைச் சுற்றும் படலத்தின் பங்கு மிகச் சிறியது. இங்கே பிளாஸ்டிக்கை விட்டுவிட நான் சொல்ல மாட்டேன். ஆனால் பல வகைப் பிளாஸ்டிக்குகளை அடுக்கடுக்காக ஒட்டிய படலத்தைப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகக் கடினம் என்பதால், ஒரே வகைப் பொருளால் ஆன படலத்துக்கு மாறும்படி தயாரிப்பாளர்களை வற்புறுத்தலாம். மக்கும் பிளாஸ்டிக் என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அவற்றில் பரவலாகப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை ஒட்டிய வெப்பமுள்ள, பெரிய அளவில் உரம் தயாரிக்கும் தொழிற்கூடங்களில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டு உரக்குழியில் அப்படியே கிடக்கும்.

இன்னொரு தயக்கமும் எனக்கு உண்டு. உறை நல்லதா கெட்டதா என்று தீர்ப்பளிக்கும் கணக்குகள் பெரும்பாலும் பசுங்குடில் வாயுக்களை எடை போடுகின்றன. கடலில் சேர்ந்து நுண்துகளாக உடையும் படலத்தின் பாதிப்பு அவற்றில் சரிவரப் பதிவாவதில்லை. ஆகவே, ‘உணவு வீணாவதைவிட உறை மேல்’ என்ற முடிவை, உறையை முறையாகச் சேகரிக்க ஏற்பாடில்லாத ஊர்களுக்கு நான் அப்படியே ஏற்க மாட்டேன்.

எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்று கேட்டால், வெட்டிய பழத்துண்டுகள் நிரம்பிய டப்பாக்களைத்தான் முதலில் காட்டுவேன். தோலோடு இருந்தால் பல நாள் தாங்கியிருக்கும் பழத்தை வெட்டி, அதன் ஆயுளைக் குறைத்துவிட்டு, பிறகு அதைக் காக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் சேர்ப்பதில், வெட்டித் தின்ன முடியாதவர்களைத் தவிர வேறு யாருக்கும் பெரிய பயனில்லை.