அப்டேட் போட்டதும் கர்சர் எங்கே போகிறது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் நம் பக்கம் பலரும் 11-க்கு மாறியிருக்கிறார்கள். மாறியவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் மூன்று, ஒரே தொல்லையைப் பற்றியவை: லேப்டாப்போடு மாட்டிய மானிட்டரில் கர்சர் சொன்னபடி கேட்பதில்லை. உபுண்டு வைத்திருப்பவர் ஒருவரும் அதையே எழுதியிருக்கிறார். அதனால் இந்த முறை கர்சருக்கு மட்டும்.

கேள்வி: வணக்கமுங்க. பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லேப்டாப்போடு 24 இன்ச் மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருக்கிறேன். போன வாரம் அப்டேட் ஆனதிலிருந்து மானிட்டரில் கர்சர் விட்டு விட்டுத் தெரிகிறது, சில நேரம் சுத்தமாகக் காணாமல் போகிறது. ஆனால் கிளிக் விழுகிறது. லேப்டாப் திரையில் ஒரு குறையும் இல்லை. சர்வீஸ் கடையில் கேட்டால் மானிட்டர் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கங்க என்கிறார்கள். வாங்கித்தான் ஆகணுங்களா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாங்க. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கர்சர் தெரியாதபோதும் கிளிக் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படியென்றால் மவுஸ் நன்றாக இருக்கிறது, மவுஸ் எங்கே நிற்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் விண்டோஸும் நன்றாக இருக்கிறது. மானிட்டர் பழுதென்றால் எக்செல் கட்டங்களும் எழுத்துகளும் சேர்ந்துதான் மினுங்க வேண்டும். கேபிள் வழியாக மானிட்டருக்குப் போவது முடிந்த படம், அதில் எது கர்சர், எது எக்செல் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. கர்சர் மட்டும் மறைகிறதென்றால், படம் கேபிளில் ஏறும் முன்பே, லேப்டாப்புக்குள்ளேயே அது தவறிவிட்டது.

எப்படித் தவறும்? உங்கள் ஊரில் பிரின்டிங் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள், டிசைனில் நாலு கலர் இருந்தால் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன், ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் இறங்கும், அதில் ஒரு ஸ்கிரீன் மட்டும் நகர்ந்துவிட்டால் அந்தக் கலர் மட்டும் தள்ளி விழும், மற்றது எல்லாம் சரியாக இருக்கும். கிராபிக்ஸ் சிப் படம் போடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். எக்செல், பிரவுசர், வால்பேப்பர் எல்லாம் சேர்ந்து ஒரு படம், அதற்கு மேலே கர்சருக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்கிரீன். மவுஸை அசைக்கும் ஒவ்வொரு முறையும் முழுத் திரையையும் திரும்ப வரைந்துகொண்டிருக்காமல், அந்தச் சின்னப் படத்தின் இடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு திரைக்கும் இந்தக் கர்சர் ஸ்கிரீன் தனித்தனி. லேப்டாப் திரையில் ஒழுங்காகவும் மானிட்டரில் மோசமாகவும் இருக்க முடிவது அதனால்தான். விண்டோஸ் அப்டேட்டோடு கிராபிக்ஸ் டிரைவரும் (அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருள்) மாறுவது உண்டு, புது டிரைவர் அந்தச் சின்ன ஸ்கிரீனைச் சரியாகக் கையாளவில்லை என்றால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும்.

முதலில் காசில்லாத வைத்தியம். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு நொடி கருத்துத் திரும்ப வரும், பயப்பட வேண்டாம், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்குகிறது, திறந்து வைத்த ஃபைல் அப்படியே இருக்கும். இதில் கர்சர் வந்துவிட்டு மறுபடியும் மறைந்தால், செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் மவுஸ், அதில் அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் போய், வரும் பெட்டியில் பாயின்டர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் 'டிஸ்ப்ளே பாயின்டர் டிரெய்ல்ஸ்' என்பதை டிக் செய்து, பக்கத்தில் உள்ள பட்டையை ஷார்ட் பக்கம் கடைசிவரை தள்ளிவிடுங்கள். கர்சருக்கு வால் வைப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வாலை வரைய வேண்டும் என்றதும் விண்டோஸ் அந்தத் தனி ஸ்கிரீனை விட்டுவிட்டு கர்சரையும் மற்ற படத்தோடு சேர்த்துத் தானே வரையத் தொடங்குகிறது. இதைச் செய்ததும் மினுங்கல் நின்றால் டிரைவர்தான் குற்றவாளி என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், சரியான டிரைவர் வரும்வரை இப்படியே வைத்து வேலையும் பார்க்கலாம்.

அப்புறம் டிரைவர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், அதில் இருக்கும் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் என்ற பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்'. அது அழுத்த முடியாமல் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம், லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் சரிசெய்கிறேன் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் எதையும் போடாதீர்கள், தயவுசெய்து.

அப்டேட்டையே கழற்றுவது கடைசி வழி. முடியும்தான், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு சேர்ந்து போய்விடும். வாங்குகிற பையருடைய மெயிலும் எல்.சி. (பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்) காகிதங்களும் பேங்க் கணக்கும் திறக்கிற கம்ப்யூட்டரில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. பல்லடத்தில் என் பெரியப்பா மகன் நூல் கடைக்கு இதே பிரச்சினை வந்தது, பக்கத்தில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு மானிட்டரை மாற்றினார், புது மானிட்டரிலும் கர்சர் அப்படியே மினுங்கியது. போன காசு போனதுதான். அடுத்த மேசை லேப்டாப்பில் அந்த மானிட்டரைப் பத்து நிமிஷம் மாட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கேள்வி: ஏனுங்க, பெட்ஷீட் டிசைன் போடுகிறவன் நான். 1366-க்கு 768 லேப்டாப், அதற்கு இடது பக்கம் 1920-க்கு 1080 மானிட்டர். 11-க்கு மாறிய பிறகு கர்சர் இடது பக்கம் போகாமல் முட்டி நிற்கிறது, வலது பக்கம் தள்ளினால் மானிட்டருக்குள் வருகிறது! திரும்பி வரும்போதும் மானிட்டரின் கீழ்ப்பக்கமாக வந்தால் தாண்ட முடிவதில்லை.
– வாசகர், சென்னிமலை

பதில்: மானிட்டர் வலது பக்கம் இருப்பதாக விண்டோஸ் நினைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போனால் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் தெரியும். ஐடென்டிஃபை அழுத்தினால் எது எந்தத் திரை என்று எண் காட்டும். மானிட்டர் பெட்டியை மவுஸால் இழுத்து இடது பக்கம் வைத்து அப்ளை கொடுங்கள்.

தாண்ட முடியாத கதைக்கு வருகிறேன். இரண்டு பெட்டியும் தலை சேர்ந்து நின்றால், மானிட்டரின் 1080 புள்ளி வரிசையில் மேலே உள்ள 768-க்குத்தான் எதிரே லேப்டாப் இருக்கிறது, கீழே மிச்சமுள்ள 312 வரிசைக்கு எதிரே ஒன்றும் இல்லை, அங்கே கர்சருக்கு வேலி. இரண்டு தோட்டத்துக்கு நடுவே கடவு எங்கே இருக்கிறதோ அங்கேதானே தாண்ட முடியும்! மேசையில் எந்த உயரத்தில் எது இருக்கிறதோ அதே மாதிரி பெட்டிகளை மேலும் கீழும் நகர்த்தி வையுங்கள். அதே பக்கத்தில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்பதைத் திறந்தால் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட் பிட்வீன் டிஸ்ப்ளேஸ்' என்று ஒன்று இருக்கும், அதை டிக் செய்தால் வேலி உள்ள இடத்திலும் கர்சர் தாண்டும். விண்டோஸ் 11-இல் வந்த நல்ல வசதி இது, உங்களைப் போல இரண்டு அளவுத் திரை வைத்திருப்பவர்களுக்கென்றே செய்தது.

கேள்வி: மஞ்சள் மண்டியில் கணக்குப் பார்க்க 43 இன்ச் 4கே டிவியை மானிட்டராக வைத்திருக்கிறோம். சிஸ்டம் மாற்றியதிலிருந்து கர்சர் இழுத்து இழுத்து வருகிறது. ஒயர்லெஸ் மவுஸுக்கு பேட்டரியும் மாற்றியாச்சுங்க. பேக்கப் எடுக்க வாங்கிய ஹார்டு டிஸ்க் மாட்டியபடியே இருக்கிறது, அதனால் ஏதாவது இருக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இருக்கும், நல்லவேளை அதையும் எழுதினீர்கள். கர்சரை லேப்டாப் திரைக்குக் கொண்டுவந்து ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள்.

அங்கேயும் இழுத்தால் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல். உங்கள் மவுஸுக்காக யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கும் சின்ன ரிசீவர் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். யுஎஸ்பி 3 போர்ட்டில் தரவு ஓடும்போது அதே அலைவரிசைப் பக்கம் இரைச்சல் கசியும், 2012-இலேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டது. ரிசீவரும் டிஸ்க்கும் அடுத்தடுத்த போர்ட்டில் இருந்தால் மவுஸ் சொல்வது பாதி காதில் விழாது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சரியானால் ரிசீவரை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்ன யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள்.

லேப்டாப்பில் நன்றாக ஓடி டிவியில் மட்டும் இழுத்தால் அது வேறு கதை. டிஸ்ப்ளே பக்கத்தில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே திறந்து டிவியைத் தேர்ந்தெடுத்து ரிஃப்ரெஷ் ரேட் எவ்வளவு என்று பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் படம் 33 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் மாறுகிறது, 60-இல் 17 மில்லி செகண்டுக்கும் குறைவு, கை உணரும் வித்தியாசம் அது. பட்டியலில் 60 இருந்தால் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம், அதில் 4கே படத்துக்கு 30-க்கு மேல் போகாது, 60 வேண்டுமானால் இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். ரெசல்யூஷனை 1920-க்கு 1080 என்று குறைத்தால் இருக்கிற கேபிளிலேயே 60 கிடைக்கும், கணக்குப் பார்க்க அது போதும். டிவியின் மெனுவில் கேம் மோட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள், படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும்.

கேள்வி: உபுண்டு 24.04. அப்டேட் ஆன பிறகு வெளி மானிட்டரில் கர்சர் மட்டும் மினுங்குகிறது. விண்டோஸ் வழி எனக்கு உதவாதே?
– மாணவர், பொள்ளாச்சி

பதில்: காரணம் திருப்பூர் வாசகிக்குச் சொன்ன அதேதான், கதவு மட்டும் வேறு தம்பி. லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டு கேட்கும் திரையில் கீழே வலது மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' (Ubuntu on Xorg, திரையில் படம் வரையும் பழைய முறை) தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். (25.10-இலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், உங்களிடம் இருக்கும்.) டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 125 சதவீதம் மாதிரி ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்குவது) வைத்திருந்தால் 100-க்கு மாற்றியும் பாருங்கள். இரண்டிலும் போகாவிட்டால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஸ்கேப் கீயைத் தட்டி எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்கு வந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கர்னலை (உபுண்டுவின் அடிப்படை மென்பொருள்) தேர்ந்தெடுங்கள். அதில் கர்சர் ஒழுங்காக நின்றால் புதுக் கர்னலில்தான் கோளாறு, அடுத்த கர்னல் அப்டேட் வரும்வரை பழையதிலேயே வேலை பாருங்கள்.