தினமும் தண்ணீர் விட்டும் கோடையில் புல்தரை காய்கிறதே, என்ன செய்வது?

சாயங்காலம் ஓஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தெளிப்பவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் அதுதான் காரணம். அப்படித் தெளித்தால் மேல்மண் ஒரு விரற்கடைதான் நனையும்; மறுநாள் வெயில் ஏறியதும் அந்த ஈரம் போய்விடும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் நிற்கும். அதனால் அதுவும் ஆழம் போகாமல் மேலேயே தங்கிவிடுகிறது. பயிருக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் புல்லுக்கும் பொருந்தும். எப்போதாவது விடுங்கள், விடும்போது ஆழமாக விடுங்கள்.

கோடையில் பச்சையாக வைத்திருக்க வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்பது 1 லிட்டர். ஆக, 100 சதுர மீட்டருக்கு வாரம் 2,500 லிட்டர். இதை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். "எங்கள் மண் மணல், இது சரிவராது" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: மணலுக்கு மூன்று தவணை. அருகம்புல், ஸாய்சியா வகைகள் இதைவிடக் குறைந்தாலும் தாங்கும். ஃபெஸ்கியூ, ரை போன்ற குளிர்ப்பிரதேசப் புல் தாங்காது.

ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு ஊற்றுகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நேரான சுவருள்ள டப்பாக்கள் ஐந்தாறை ஆங்காங்கே வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். சராசரி 6 மி.மீ. நின்றால், சுமார் 12 மி.மீ. கொண்ட ஒரு தவணைக்கு அரை மணி நேரம் ஓட வேண்டும். எல்லா டப்பாவிலும் ஒரே அளவு இருக்காது. மிகக் குறைவாக நிற்கும் டப்பா பெரும்பாலும் உங்கள் காய்ந்த திட்டின் மேலேயே இருக்கும். சில மணி நேரம் கழித்து நீளத் திருப்புளி ஒன்றை மண்ணில் குத்துங்கள், 15 செ.மீ. சுலபமாக இறங்கினால் போதுமான அளவு போயிருக்கிறது.

களிமண்ணில் தண்ணீர் வழிந்தோடத் தொடங்கினால் நிறுத்தி, அரை மணி விட்டுத் திரும்ப விடுங்கள். ரொம்பக் காய்ந்த மண் தண்ணீரை வாங்கவே வாங்காது, முத்து முத்தாக உருட்டிவிடும். அங்கே தோட்ட முள்கரண்டியின் கம்பியால் நெருக்கமாகத் துளை போட்டுப் பிறகு விட வேண்டும்.

விடியற்காலைதான் நல்ல நேரம். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை வரும். நடுப்பகலில் விட்டால் துளிகள் பூதக்கண்ணாடியாகி இலையை எரிக்கும் என்பது வெறும் கதை. ஆவியாகவும் காற்றிலும் தண்ணீர் வீணாவதுதான் அங்கே நஷ்டம். இலை நீலச்சாம்பலாகி, நடந்த கால்தடம் நிமிராமல் கிடந்தால், அடுத்த தவணைக்கு நேரம் வந்துவிட்டது.

தண்ணீருக்கு அடுத்தபடி புல்லைக் கெடுப்பது வெட்டுதான். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. கோடையில் ஃபெஸ்கியூவை 8 முதல் 10 செ.மீ., அருகம்புல்லை 4 முதல் 5 செ.மீ. விடுங்கள். உயரமான இலை மண்ணுக்கு நிழல் தரும், வேரும் ஆழம் போகும். மழுங்கிய பிளேடு நுனியைக் கிழிக்கும். கிழிந்த நுனி மறுநாளே வெளிறிவிடும், அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். வெட்டிய துணுக்கு அங்கேயே கிடக்கட்டும். வாடிய புல்லுக்கு யூரியா வேண்டாம்: அது புது இலையைத் தள்ளும், அந்த இலைக்கும் தண்ணீர் வேண்டும். களைக்கொல்லியும் அந்தச் சமயத்தில் கூடாது.

தண்ணீர் தட்டுப்பாடு என்றால் புல்லைத் தூங்க விட்டுவிடுங்கள்: அது பழுப்பாகி, வளர்வதை நிறுத்திக் காத்திருக்கும். பழுப்பான புல் எல்லாம் செத்த புல் அல்ல. ஒரு கைப்பிடி பிடித்து இழுத்துப் பாருங்கள். பிடிவாதமாக நின்றால், அடிக்கணுவை, அதாவது இலையும் வேரும் சேரும் இடத்தை, நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தவிட்டு நிறத்தில் நொறுங்கினால் போய்விட்டது. பாய் போலச் சுருண்டு கையோடு வந்தால் அது வறட்சியே இல்லை, அடியில் வேர்ப்புழு. தூங்கும் புல்லுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 மி.மீ. போதும், பச்சையாக்க அல்ல, கணுவைக் காப்பாற்ற. அதன்மேல் நடக்காதீர்கள். ஒரு வாரம் நிறைய விட்டு எழுப்பி, அடுத்த வாரம் கைவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். புல் சேமித்த மாவுச்சத்து அதிலேயே தீர்ந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு "புல்லைப் பிடுங்கிவிட்டு செயற்கைப் புல் போடுங்கள்" என்று பதில் எழுதுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. நல்ல வெயிலில் அது 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். குழந்தை அதில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. அதைக் குளிர்விக்கவும் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். தண்ணீர் வசதியே இல்லாதவர் வறட்சி தாங்கும் படர்செடி வைக்கட்டும், அதற்கு நான் எதிரி இல்லை.

மழை தொடங்கியதும் விதையோடு ஓடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அப்போதும் பச்சை தட்டாத திட்டுகளில் மட்டும் விதையோ பதியமோ போடுங்கள்.