மூன்றாவது பசுவுக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய்

கேள்வி: குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கர் நிலம், கிணறு உண்டு. இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள், ஒரு கிடேரி, 14 ஆடுகள், 20 நாட்டுக்கோழிகள். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்விடுவார். பண்ணை முழுக்க நானும் மாமியாரும்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் ராத்திரி ஒன்பது வரை வேலை ஓயவில்லை. பால் மட்டும் ஏறவில்லை. ஒரு பசு நாளைக்கு 7 லிட்டர். இன்னொன்று 3 லிட்டரில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை, கடைசி ஊசி ஆடிப்பெருக்கு அன்று. மகளிர் குழுக் கடன் 60,000 ரூபாய் வந்திருக்கிறது. மூன்றாவது மாடு வாங்குவதா, ஆட்டுக்குப் பரண் போடுவதா, தீவனம் நறுக்கும் மிஷின் வாங்குவதா? அன்றாட வேலைப் பட்டியலையும் எழுதியிருக்கிறேன்.

பதில்: அம்மா, பணம் கைக்கு வந்ததும் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகத்தான் எல்லோருக்கும் கால் பரபரக்கும். நீங்கள் ஒரு மாதம் போகவேண்டாம். சினை பிடிக்காத பசு ஒன்று வீட்டில் நிற்கும்போது இன்னொன்றை வாங்கினால், தீனி மூன்றுக்கும் பால் இரண்டுக்குமாகத்தான் கணக்கு போகும்.

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். 19 வேலை எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏழு வேலை நடைதான். கிணற்றுக்கு, வரப்புப் புல்லுக்கு, மறுபடி கிணற்றுக்கு. மாட்டுக்குத் தண்ணீர் மூன்று வேளை, குடத்தில். ஒரு கறவைப் பசு நம் வேலூர் கத்திரி வெயிலில் நாளைக்கு 80 லிட்டருக்கு மேல் குடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து 160 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பதினோரு நடை. உண்மையில் பதினோரு நடை நடந்திருக்கமாட்டீர்கள். நாலைந்தோடு கை ஓய்ந்திருக்கும். மீதியை மாடு தாகத்தோடு தாங்கிக்கொண்டிருக்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால் ஏறாததற்கு முதல் காரணத்தை நான் அங்கேதான் தேடுவேன்.

அதனால் முதல் செலவு தண்ணீருக்கு. மேடான இடத்தில் ஒரு சின்டெக்ஸ் டேங்க், அங்கிருந்து கொட்டகைக்குக் குழாய், இரண்டு மாட்டுக்கும் நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதில், நிரம்பியதும் தண்ணீரைத் தானே நிறுத்துகிற பந்து வால்வு. மோட்டார் ஓடும் நேரத்தில் டேங்க் நிரம்பிவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மாடு தானே குடித்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள், பாசி பிடிக்காது. கழுநீரில் தவிட்டையும் புண்ணாக்கையும் கரைத்து ஊற்றுவதைக் குறைத்துவிடுங்கள். கலப்புத் தீவனத்தைப் பிசிறிக் கொடுத்தால் போதும். அளவு, உடம்புக்கு ஒன்றரை கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 7 லிட்டர் கறப்பதற்கும் 3 லிட்டர் கறப்பதற்கும் ஒரே படி அளந்து போடுகிறீர்கள். அது ஒன்றைப் பட்டினி போட்டு இன்னொன்றைக் கொழுக்க வைக்கிற வேலை.

அடுத்து பசுந்தீவனம். வரப்புப் புல்லை நம்பினால் மாசிக்கு மேல் திண்டாட்டம்தான். கொட்டகையின் சாணித்தண்ணீர் பாய்கிற பக்கமாக 20 சென்ட் ஒதுக்கி, கோ-5 கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லை ஊன்றுங்கள். 60 செ.மீ.க்கு 50 செ.மீ. இடைவெளியில் சுமார் 2,700 கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) பிடிக்கும். இப்போதே நட்டால் ஐப்பசி வாக்கில், 75 முதல் 80 நாளில், முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தினம் அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வரிசையாக அறுத்துக்கொண்டு போனால், கடைசி வரிசை முடியும்போது முதல் வரிசை தயாராக நிற்கும். ஒரு பசுவுக்கு நாளைக்கு 25 கிலோ என்ற கணக்குக்கு இது ஈடுகொடுக்கும். நேப்பியரை மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், மாட்டுக்குச் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். மூன்று பங்கு நேப்பியருக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி மாதிரிப் பயறு வகைத் தழை சேருங்கள். வேலி ஓரம் நட்டால் ஆட்டுக்கும் தழை ஆயிற்று. கரணை இருக்கிறதா என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஐப்பசியில் அக்கம்பக்கத்தில் மானாவாரிக் கடலை பிடுங்கும்போது கொடியை விட்டுவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்ததை மட்டும் போர் போடுங்கள். மழையில் நனைந்து பூசணம் பூத்த கொடி, சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

மிஷின் இதற்குப் பிறகு. அறுக்கப் புல் இல்லாத வீட்டில் மிஷின் கோழி உட்காரத்தான் உதவும். நேப்பியர் வந்ததும் வாங்குங்கள். நறுக்காவிட்டால் தண்டெல்லாம் தீவனத் தொட்டியிலேயே கிடக்கும். மிஷின் ஓடும்போது முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், மாமியாரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சக்கரத்தில் துணி சிக்கிக் கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டுப் பரண் நல்லதுதான், ஆனால் 14 ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் 180 சதுர அடியாவது வேண்டும், பணம் விழுங்கும். மழையில் குட்டிகள் கழிந்து சாகின்றன என்பதுதானே உங்கள் கவலை? இந்த வருஷத்துக்குத் தரையை ஓரடி மேடாக்கி, குட்டிகளைத் தனியே அடைத்து, மழைக்கு முன் குடற்புழு மருந்தும் துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் தாண்டிய குட்டிகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் உண்டா என்று மருந்தகத்தில் கேளுங்கள். பரண் போடும் காலத்தில் தரைச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றரை செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, குட்டியின் குளம்பு சிக்கும். கோழிக்கு, பிப்ரவரியில் கால்நடைத் துறை போடுகிற கழிச்சல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி அந்தச் சினை நிற்காத பசு. உங்கள் 19 வேலையில் ஒரு வேலை இல்லவே இல்லை: சும்மா உட்கார்ந்து மாட்டைப் பார்ப்பது. கட்டுத்தறியிலேயே நிற்கிற மாடு சினைப் பருவத்தைச் சரியாகக் காட்டாது. சில மாடு கத்தாது, அதுவும் வெயில் காலத்தில் வெளியே தெரியாத ஊமைப் பருவமாகப் போய்விடும். குழாய் போட்டதில் மிச்சமாகும் நேரத்தில், விடியலில் இருபது நிமிடம், அந்தி சாய்ந்தபின் இருபது நிமிடம், கிடேரியோடு சேர்த்து அவிழ்த்து விட்டு உட்காருங்கள். மாமியார் இதற்குச் சரியான ஆள். கிடேரி மேலே ஏறும்போது பசு விலகாமல் நின்றால் அதுதான் பருவம். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். நீங்கள் கண்ட உடனேயே ஊசி போடும் ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது; மூன்று ஊசியும் வீணானதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பருவத்தில் பசுவிடமிருந்து வழியும் வழும்பு கண்ணாடி போல் இருக்கவேண்டும். சீழ் கலந்து கலங்கலாக இருந்தால் ஊசி வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டி மருந்து. தாது உப்பு தினம் 50 கிராம் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

இன்னொரு அடையாளம்: வாலில் லேசான ரத்தக் கறை தெரிந்தால் பருவம் இரண்டு நாளுக்கு முன்பே வந்து போய்விட்டது என்று பொருள். பயப்படவேண்டாம், அடுத்த பருவத்துக்கு அந்தத் தேதியிலிருந்து 19 நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆடிப்பெருக்கன்று போட்ட ஊசி நிற்கவில்லையென்றால் 21 நாள் கணக்கில் அடுத்த பருவம் ஆவணி 7, 8 தேதி வாக்கில் வரும். காலண்டரில் ஆவணி 4 முதல் 11 வரை வட்டம் போட்டுவிடுங்கள். அந்த எட்டு நாளும் இரண்டு வேளையும் யாராவது ஒருவர் உட்காரவேண்டும். எதுவும் தெரியாமல் போனால் அதையும் எழுதி வையுங்கள். ஊசி போட்டு மூன்று மாதம் ஆனதும் டாக்டரை வைத்துச் சினைப் பரிசோதனை செய்துவிடலாம்.