மலைக்கு வின்டர் ஸ்டார்ம் வார்னிங், கடலுக்கு ஹை விண்ட் வார்னிங்: எந்தப் பக்கம் போறது?

கேள்வி: சார், நாங்க சான் ஹோசேல இருக்கோம். அம்மா அப்பா இந்தியாலருந்து வந்திருக்காங்க, அவங்களுக்கு பனி காட்டணும்னு வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் லேக் டாஹோ கிளம்பறதா பிளான், சவுத் லேக் டாஹோல ரூமும் போட்டாச்சு. இப்ப சியரா மலைக்கு வின்டர் ஸ்டார்ம் வார்னிங் வந்திருக்கு, வெள்ளி மதியம் ஆரம்பிச்சு ஞாயிறு விடிகாலை 4 மணி வரைக்கும். ஆனா போன்ல இருக்கற வெதர் ஆப் 3 இஞ்ச் ஸ்னோனுதான் காட்டுது, வண்டியும் ஆல் வீல் டிரைவ். போலாமா? டாஹோவ விட்டுட்டு கடல் பக்கம் மென்டசினோ போயிடலாம்னு மனைவி சொல்றாங்க, அங்கயும் ஹை விண்ட் வார்னிங் போட்டிருக்கு. ரெண்டுல எது பரவால்ல? கூட ஆறு வயசு பையனும் வர்றான்.

பதில்: முதல்லயே சொல்லிடறேன், வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டும் வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல டாஹோ கிளம்புங்க, திங்கள் ஒரு நாள் லீவு போட முடிஞ்சா போடுங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா இந்த வார்னிங்க படிக்கத் தெரிஞ்சுட்டா அடுத்த தடவ யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

அந்த 3 இஞ்ச்சுதான் எனக்கு பயமா இருக்கு. ஆப் பொய் சொல்லல, அது நீங்க டைப் பண்ண ஊருக்கு மட்டும் சொல்லுது. சவுத் லேக் டாஹோ ஏரிக்கரையில இருக்கு, சுமார் 6,200 அடி உயரம். ஆனா நீங்க ஹைவே 50ல போகும்போது அதுக்கு முன்னாடி எக்கோ சமிட்டத் தாண்டணும், அது 7,300 அடிக்கும் மேல. பசிபிக்ல இருந்து வர்ற ஈரக் காத்து சியரா மேல மோதி, போக வேற வழி இல்லாம மேல ஏறும், ஏற ஏற குளிர்ந்து வச்சிருக்கற ஈரத்தையெல்லாம் மலையோட மேற்குச் சரிவுலயும் உச்சியிலயும் கொட்டிட்டு, மிச்சம் மீதியோடதான் ஏரிப் பக்கம் இறங்கும். அதனால ஏரிக்கரைல 3 இஞ்ச் விழற அதே நேரத்துல, அங்கருந்து கொஞ்ச மைல் தூரத்துல இருக்கற உச்சில அடிக்கணக்குல விழலாம். நீங்க தூங்கப்போற இடத்தோட வெதரப் பாத்திருக்கீங்க, வண்டி ஓட்டப்போற இடத்தோட வெதரப் பாக்கல.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. அந்த ஒரு ரோட்டுக்கே நேஷனல் வெதர் சர்வீஸோட ரெண்டு ஆபீஸ் தனித்தனியா வார்னிங் எழுதறாங்க, மேற்குச் சரிவுக்கு சேக்ரமென்டோ ஆபீஸ், டாஹோ ஏரியப் பாத்துக்கறது ரீனோ ஆபீஸ். ரெண்டுலயும் நேரம் வேற இருக்கும், எத்தன அடி உயரத்துக்கு மேல எவ்வளவு இஞ்ச்ங்கறதும் வேற இருக்கும். ரெண்டையும் படிக்கணும். அவங்க சைட்ல மேப் இருக்கு, எக்கோ சமிட் மேல ஒரு கிளிக் பண்ணுங்க, அந்தப் புள்ளிக்குன்னே ஃபோர்காஸ்ட் வரும், பக்கத்துலயே எந்த உயரத்துக்கு சொல்றோம்னும் போட்டிருப்பாங்க. ஆப்ல வர்ற பனிப்பூ படத்தவிட இது எவ்வளவோ மேல்.

வாட்ச், அட்வைசரி, வார்னிங் மூணுக்கும் வித்தியாசம் சுருக்கமா: வாட்ச்னா வர வாய்ப்பிருக்கு, பிளானத் தயாரா வெச்சுக்கோங்கனு அர்த்தம். அட்வைசரினா வரும், கஷ்டம் கொடுக்கும், ஜாக்கிரதையா இருந்தா சமாளிக்கலாம். வார்னிங்னா வந்துடுச்சு, இல்ல கிட்டத்தட்ட நிச்சயமா வரப்போகுது, உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து. உங்களுக்கு வந்திருக்கறது ரெண்டு பக்கமும் வார்னிங். போன் அலறலையேனு அசால்ட்டா இருந்துடாதீங்க, டொர்னேடோக்கும் ஸ்னோ ஸ்குவாலுக்கும் (திடீர்னு அடிக்கற பனிச் சூறை) எமர்ஜென்சி அலர்ட் வரும், வின்டர் ஸ்டார்ம் வார்னிங்குக்கும் ஹை விண்ட் வார்னிங்குக்கும் அப்படி வராது, நாமதான் போய்ப் பாக்கணும்.

வார்னிங்கத் திறந்தா என்ன, எங்க, எப்போ, என்ன பாதிப்புனு நாலு பத்தி இருக்கும். எல்லாரும் முதல் பத்தில இஞ்ச் கணக்கப் பாத்துட்டு மூடிடறாங்க. கடைசிப் பத்தியப் படிங்க. அதுல 'டிராவல் குட் பி வெரி டிஃபிகல்ட் டு இம்பாசிபிள்'னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது சும்மா பயமுறுத்த எழுதறதில்ல. எழுதறவங்க அந்த இம்பாசிபிள்ங்கற வார்த்தைய யோசிச்சுத்தான் போடுவாங்க, அது இருந்தா ரோடே மூடப்படலாம்னு எடுத்துக்கோங்க. அப்பறம் முதல் பத்தில காத்து வேகம் என்ன போட்டிருக்குனு பாருங்க. ஸ்னோ மட்டும் விழுந்தா வண்டி மெதுவாவாச்சும் போகும், அதோட காத்தும் சேந்துட்டா முன்னாடி இருக்கற வண்டியோட லைட்டே தெரியாது. காத்து 35 மைல் வேகத்துக்கு மேல அடிச்சு, கால் மைல் தூரம்கூட கண்ணுக்குத் தெரியாத நிலைமை மூணு மணி நேரம் நீடிச்சா அதுக்குப் பேர்தான் பிலிசார்ட். புதுசா ஸ்னோ நிறைய விழணும்னுகூட இல்ல, ஏற்கனவே விழுந்து கிடக்கறத காத்து வாரி அடிச்சாலே போதும். உங்க வார்னிங் வெள்ளிக்கிழமைக்குள்ள பிலிசார்ட் வார்னிங்கா மாறிச்சுனா வேற எதையும் யோசிக்கவே வேணாம்.

இது அந்த மலைக்குப் புதுசும் இல்ல. 1952 ஜனவரில டானர் பாஸ் பக்கம் ஒரு பாசஞ்சர் ரயிலே பனில மாட்டிச்சு, 226 பேர் அதுக்குள்ள, அவங்கள வெளிய கொண்டுவரவே மூணு நாள் ஆச்சு, ரயில் ஆறு நாள் மாதிரி நகர முடியல. ரயில் எஞ்சினுக்கே அந்த கதி. 2024 மார்ச்ல வந்த பிலிசார்ட்ல ஐ-80ங்கற, அதே மலையத் தாண்டற இன்னொரு ஹைவே, வெள்ளிக்கிழமை மூடினது திங்கக்கிழமைதான் திறந்தாங்க, மலைல நிறைய வண்டி மாட்டி, சில பேர் ராத்திரிய வண்டிலயே கழிச்சாங்க. அவங்களும் உங்கள மாதிரி வீக்எண்ட் கிளம்பினவங்கதான்.

சரி, ஆல் வீல் டிரைவ். வண்டி கிளம்பறதுக்கும் மேட்டுல ஏறறதுக்கும் அது நல்லா உதவும். நிக்கறதுக்கு உதவாது. ஐஸ் மேல பிரேக் போடும்போது நாலு சக்கரத்துக்கும் பவர் போகுதாங்கறதுக்கு அர்த்தமே இல்ல, டயர் ரோட்டப் பிடிக்குதாங்கறதுதான் விஷயம். கலிஃபோர்னியால செயின் கன்ட்ரோல், அதாவது பனி ரோட்டுல டயருக்கு செயின் மாட்டச் சொல்ற விதி, மூணு நிலை. ஆர்1ல ஸ்னோ டயர் இருந்தா சின்ன வண்டிக்கு செயின் மாட்ட வேண்டியதில்ல, ஆர்2ல நாலு சக்கரத்துலயும் ஸ்னோ டயர் இருக்கற ஆல் வீல், ஃபோர் வீல் வண்டிக்கு மட்டும் விலக்கு, ஆர்3னா யாருக்கும் விலக்கு இல்ல, ஆனா அந்த நிலைக்குப் போறதுக்குள்ள பெரும்பாலும் ரோட்டயே மூடிடுவாங்க. விலக்கு இருந்தாலும் செயின் வண்டிக்குள்ள இருந்தே ஆகணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. உங்க டயரோட பக்கவாட்டுல எம் பிளஸ் எஸ் குறியோ, மலைக்குள்ள பனிப்பூ வரைஞ்ச குறியோ இருக்கானு இன்னைக்கே குனிஞ்சு பாருங்க.

செயின் வாங்கினா கராஜ்ல ஒரு தடவ மாட்டி, கழட்டிப் பாத்துடுங்க. ஒரு வருஷம் செயின் செக்பாயின்ட்ல ஒரு அப்பாவப் பாத்தேன், நனைஞ்ச ஸ்னீக்கர்ஸோட ரோட்டோரம் முட்டி போட்டு, போன் லைட்ட வாயில கவ்விக்கிட்டு, செயின் டப்பால இருந்த பேப்பரப் படிச்சுக்கிட்டிருக்கார், பேப்பர் மேல ஸ்னோ விழுந்து எழுத்தே கரையுது, விரல் மரத்துப்போய் கொக்கிய மாட்ட முடியல, பக்கத்துல லாரி எல்லாம் போய்க்கிட்டே இருக்கு. உள்ள குழந்தை அழுது. அந்த வேலைய வீட்டுல காஞ்ச தரைல பத்து நிமிஷத்துல கத்துக்கிட்டிருக்கலாம்.

ஒருவேளை எப்பவாச்சும் பனில மாட்டிட்டீங்கனா வண்டிய விட்டு இறங்கி நடக்காதீங்க. ஹீட்டருக்காக எஞ்சின நிறுத்தாம ஓட விடாதீங்க, மணிக்கு ஒரு பத்து நிமிஷம் போட்டா போதும், ஒவ்வொரு தடவையும் போடறதுக்கு முன்னாடி பின்னால போய் சைலன்சர் குழாயச் சுத்தி இருக்கற பனிய எடுத்துடணும், ஒரு ஜன்னல கொஞ்சமா இறக்கி வெச்சுக்கணும். குழாய் அடைச்சுட்டா கார்பன் மோனாக்சைடு உள்ளயே திரும்பும், அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வயசானவங்களும் குழந்தையும் இருக்கற வண்டி, தயவுசெஞ்சு இத மறக்காதீங்க.

இப்ப மென்டசினோ. பனி இல்லங்கறதால கடல் பக்கம் சேஃப்னு தோணும், தப்பு. ஹை விண்ட் வார்னிங் பொதுவா எப்ப போடுவாங்கனா, காத்து ஒரு மணி நேரத்துக்கு மேல 40 மைல் வேகத்துல அடிக்கணும், இல்லனா திடீர்னு அடிக்கற வீச்சு 58 மைலுக்கு மேல போகணும். 30க்கும் 60க்கும் ரெண்டு மடங்குதானேனு நினைக்காதீங்க, காத்தோட அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 60 மைல் காத்து தள்ற தள்ளு 30 மைல் காத்தவிட நாலு மடங்கு. பாறை விளிம்புல வண்டிய நிறுத்திட்டு அப்பா கதவத் திறந்தார்னு வைங்க, பின்னாலருந்து அடிக்கற காத்து கதவக் கையோட பிடுங்கிட்டுப் போய் கீல வளைச்சுடும், பிடிச்சுக்கிட்டிருந்தா ஆளையும் இழுக்கும். காத்துக்கு முகம் கொடுத்து பார்க் பண்ணனும், ஒரு நேரத்துல ஒரு கதவுதான் திறக்கணும்.

அதவிடப் பெரிய பிரச்சனை வழி. ஹைவே 128 நவாரோ ஆத்தோரமா ரெட்வுட் காட்டுக்குள்ள போகுது, அழகான ரோடுதான், ஆனா மழைல ஊறின மண்ணுல காத்தும் சேந்தா மரம் வேரோட சாயும், நவாரோ ஆறு பொங்கினா அந்த ரோட்டயே மூடிடுவாங்க. கரன்ட் கம்பி அறுந்து கிடந்தா குறைஞ்சது 35 அடி தள்ளியே நில்லுங்க, கம்பி மேல வண்டிய ஏத்தாதீங்க.

காத்து நின்னுடுச்சு, வார்னிங் முடிஞ்சுடுச்சு, இனி பீச்சுக்குப் போலாம்னு நினைக்கறதுதான் எல்லாத்தவிட ஆபத்து. புயல் நடுக்கடல்ல கிளப்பிவிட்ட அலை கரைக்கு வந்து சேர நேரம் ஆகும், அதனால வானம் தெளிஞ்சு வெயில் அடிக்கற நாள்லகூட கடல் மோசமா இருக்கலாம். அதுக்கு ஹை சர்ஃப் வார்னிங், பீச் ஹசார்ட்ஸ்னு தனித்தனியா போடுவாங்க, காத்து வார்னிங்க மட்டும் பாத்தா அது கண்ணுலயே படாது. ஸ்னீக்கர் வேவ்னு சொல்றது, பத்து இருபது நிமிஷம் கடல் அமைதியா இருக்கற மாதிரி இருந்துட்டு திடீர்னு ஒரு அலை மணல்ல ரொம்ப தூரம் ஏறி வரும், காலைத் தட்டி இழுத்துட்டுப் போயிடும், கரைல ஒதுங்கிக் கிடக்கற பெரிய மரக்கட்டையையே உருட்டும். மெரினாலயோ கோவளத்துலயோ கால் நனைச்ச பழக்கத்துல அம்மா அலைகிட்ட போய் நிப்பாங்க, பையன் கட்டை மேல ஏறி உக்காருவான், அங்க அந்தப் பழக்கம் ஆகாது. தண்ணியும் கை கால் சீக்கிரமே மரத்துப்போற அளவுக்கு சில்லுனு இருக்கும். அதனாலதான் மனைவி சொன்ன பிளானும் இந்த வாரம் வேணாம்ங்கறேன்.

கேல் வார்னிங், ஸ்டார்ம் வார்னிங்னும் லிஸ்ட்ல வரும், அது படகுக்காரங்களுக்கு, வேகத்த நாட் கணக்குல சொல்றது. நீங்க அதோட குழப்பிக்க வேணாம்.

ஞாயித்துக்கிழமைக்கு வருவோம். வார்னிங் 4 மணிக்கு முடியுதுனா 4 மணிக்கே ரோடு சரியாயிடும்னு இல்ல, அதுக்கப்பறம்தான் பனிய வழிச்சு, செயின் கன்ட்ரோல எடுப்பாங்க. ஃபோர்காஸ்ட ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது புதுப்பிப்பாங்க, சனி சாயங்காலமும் ஞாயிறு காலைலயும் திரும்பப் படிங்க, முடியற நேரம் தள்ளிப்போனா நீங்களும் தள்ளிப்போங்க. கால்ட்ரான்ஸ்ங்கற கலிஃபோர்னியா ரோடு டிபார்ட்மென்ட்டோட குவிக்மேப் சைட்ல ஹைவே 50 திறந்திருக்கு, ஆர்2 எடுத்தாச்சுனு பாத்த பிறகு கிளம்பினா மலைய நல்ல பகல் வெளிச்சத்துலயே தாண்டிடலாம். அன்னைக்கு கூட்டமெல்லாம் மலைலருந்து இறங்கிக்கிட்டிருக்கும், நீங்க எதிர்ப்பக்கம் ஏறறதால ரோடும் காலியா கிடைக்கும். பிளேசர்வில்ல டேங்க ஃபுல் பண்ணிடுங்க. போர்வை, தண்ணி, ஃபிளாஸ்க்ல சூடா ஏதாச்சும், அப்பா அம்மாவோட மாத்திரை, இதெல்லாம் டிக்கில வேணாம், கைக்கு எட்டற இடத்துல இருக்கட்டும்.

அங்க போனதும் ஒண்ணு, கூரைலருந்து பனி மொத்தமா சரியும், ஓரமா நின்னு போட்டோ எடுக்காதீங்க. ரோட்டோரம் குவிச்சு வெச்ச பனில பையன் குகை தோண்டக் கூடாது, பனி வழிக்கற வண்டி ஓட்றவருக்கு உள்ள ஆள் இருக்கறது தெரியாது.

ஹோட்டலுக்கு இன்னைக்கே போன் பண்ணி ரூம ஞாயிறு ராத்திரிக்கு மாத்த முடியுமானு கேளுங்க. வார்னிங் தேதியையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்க, சில இடத்துல ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலனா அந்தப் பணம் போகட்டும்.