குரலும் கிதாரும் இல்லாத முதல் ஆல்பம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனின் முதல் தனி ஆல்பம் 1968இல் வந்த ‘வண்டர்வால் மியூசிக்’ என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். 1970இல் வந்த ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’தான் முதல் ஆல்பம் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். தேடிப் பிடித்துக் கேட்டபோது ஏமாற்றமாகவே இருந்தது. ஹாரிசன் ஒரு வரிகூடப் பாடவில்லை. கிதார் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஒலிக்கிறது. பாதிக்குப் பாதி ஷெனாய், சரோத், தபலா. வாசித்தவர்கள் நம் நாட்டுக் கலைஞர்கள். உழைப்பு அவர்களுடையது, பெயர் பீட்டிலுடையது என்றால் இதைக் கிதார் கலைஞர் ஒருவரின் தனி ஆல்பம் என்று சொல்வது நியாயமா?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

கால வரிசையில் ஐயத்துக்கு இடமில்லை. ‘வண்டர்வால் மியூசிக்’ 1968 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் எல்பி, அதாவது முழுநீள இசைத்தட்டு, அதுதான். ‘வெள்ளை ஆல்பம்’ என்று ரசிகர்கள் அழைக்கும் அவர்களுடைய இரட்டை இசைத்தட்டே அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. குழுவின் இன்னொருவரான பால் மெக்கார்ட்னி அதற்கு முன்பே ஒரு படத்துக்கு இசையமைத்திருந்தார் என்றாலும், அந்தத் தட்டு அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் இசைக்குழுவின் பெயரில் வந்தது. ஆகவே நால்வரில் முதலில் தனி ஆல்பம் வெளியிட்டவர் ஹாரிசன் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

நியாயம் பற்றிய உங்கள் கேள்விதான் பதில் சொல்ல வேண்டியது. ஜோ மாசோ இயக்கிய ‘வண்டர்வால்’ படத்தில், தனிமையில் வாழும் விஞ்ஞானி ஒருவர் சுவரிலுள்ள துளை வழியாகப் பக்கத்து வீட்டு மாடல் அழகியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேச்சு மிகக் குறைவு; எனவே படத்தின் பெரும்பகுதியை இசைதான் சுமந்தாக வேண்டும். என்ன கொடுத்தாலும் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறேன் என்று இயக்குநர் வாக்களித்த பிறகே ஹாரிசன் ஒப்புக்கொண்டார். பீட்டில்ஸ் தட்டுகளில் அவருக்குக் கிடைத்த இடத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1967இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் அவருடைய பாடல் ஒன்றே ஒன்று. குழுவின் முதன்மைப் பாடலாசிரியர்களான ஜான் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிக் குவித்தது போக மிஞ்சிய இடத்தில் காலம் தள்ளியவருக்கு, ஒரு முழுப் படமும் வந்து வாய்த்தது.

அவர் வேலை செய்த முறை நம் ஊர்த் திரையிசையை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. படத்தைப் பார்த்தபடி ஸ்டாப்வாட்சில் ஒவ்வொரு காட்சியின் நீளத்தையும் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், அந்த நீளத்துக்கு ஏற்ற துண்டை உருவாக்கிப் பதிவு செய்தார். மேற்கத்தியத் துண்டுகளுக்கு ரீமோ ஃபோர் என்ற லிவர்பூல் குழுவும் பியானோவுக்கு ஜான் பார்ஹாமும் இருந்தனர். இந்தியத் துண்டுகளுக்காக 1968 ஜனவரியில் பம்பாய்க்கே வந்துவிட்டார்.

பம்பாயில் எச்எம்வி இசைத்தட்டு நிறுவனத்தின் கூடத்தில் அந்தப் பதிவு நடந்த சூழல் தனியே சொல்லத் தக்கது. கூடம் அலுவலகங்களுக்கு மேலே இருந்தது. ஒலித்தடுப்பு என்பதே கிடையாது. மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டதும் படியிறங்கும் காலடி ஓசை உள்ளே கேட்கும் என்பதால் பதிவை நிறுத்திவிட வேண்டியிருந்தது என்றும், கவனித்துக் கேட்டால் இந்தியத் துண்டுகளில் தெருவில் போகும் டாக்சிகள் கேட்கும் என்றும் ஹாரிசன் சொல்லியிருக்கிறார். ஸ்டீரியோவில் பதிவு செய்ய, ஒலியை இரண்டு தடங்களில் பதியும் கருவி தேவைப்பட்டது. அதைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து சேர்த்தவர் நிறுவனத்தின் அதிகாரி பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்த இவர், சுதந்திர இந்தியாவின் ஒரு ரூபாய்த் தாளில் கையெழுத்திட்ட நிதித்துறைச் செயலர் கே.ஆர்.கே. மேனனின் மகன், பின்னாளில் அமெரிக்காவின் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்துக்கும், அதன்பின் உலகளாவிய ஈஎம்ஐ இசை நிறுவனத்துக்கும் தலைவரானவர்.

‘உழைப்பு அவர்களுடையது, பெயர் பீட்டிலுடையது’ என்கிறீர்கள். சரோத் வாசித்த ஆஷிஷ் கான், அலாவுதீன் கானின் பேரன், அலி அக்பர் கானின் மகன். சந்தூர் சிவகுமார் சர்மா, தபலாவும் மிருதங்கம் போன்ற பக்வாஜும் மகாபுருஷ் மிஸ்ரா, வில்லால் வாசிக்கும் நரம்புக் கருவியான தார் ஷெனாய் விநாயக் வோரா. இவர்களுக்கு ஹாரிசன் ‘இசை சொல்லிக்கொடுத்தார்’ என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். ராக விரிவு அவர்களுடையது. தட்டில் எல்லாத் துண்டுகளுக்கும் இசையமைப்பாளர் என்று ஹாரிசன் பெயர் மட்டுமே இருப்பது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அதே தட்டின் உறையைப் புரட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழைகளோடுதான் என்றாலும், இந்தியக் கலைஞர்களின் பெயர்கள் கருவியோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கின்றன. இதில் வாசித்த புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் பெயரும் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் பெயரும் அந்த உறையில் கிடையாது. விற்பனைக்கு உதவக்கூடிய பெயர்களை விட்டுவிட்டு, லண்டனில் யாரும் கேள்விப்பட்டிராத பெயர்களைப் போட்ட உறை அது. ராக் இசைத்தட்டுகளில் இந்தியக் கலைஞர்கள் பெயரில்லாமல் வாசித்துவிட்டுப் போன காலத்தில் இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

ஹாரிசனின் சொந்தப் பங்கு, எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்பதில் தெரிகிறது. ‘ஸ்கீயிங்’ என்ற துண்டில், நீங்கள் தேடிய கிதார் கிளாப்டனின் கையில் கரகரத்த ஒலியோடு ஒரே வாக்கியத்தை உருட்டி உருட்டி வாசிக்கிறது. அதற்கு அடுத்து வருவது ‘கத் கிர்வானி’. கிர்வானி என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய கீரவாணிதான். இருபத்தொன்றாவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம், தெற்கிலிருந்து வடக்கே போய் வாத்தியக் கலைஞர்களின் விருப்ப ராகமானது. மேற்கில் ஹார்மோனிக் மைனர் எனப்படும் ஸ்கேலின் சுரங்களும் இவையே. எனவே ராக் கிதாரிலிருந்து இங்கே தாவும்போது காது தடுமாறுவதில்லை. இளையராஜா வழியாகக் கீரவாணியைப் பழகிய உங்களுக்கு அந்த ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான துண்டு போதாமல்தான் தோன்றும். இன்னும் சற்று வாசிக்கவிட்டிருக்கலாமே என்று நானும் நினைப்பதுண்டு. ஆனால் ஸ்டாப்வாட்ச் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது.

‘லவ் சீன்’ துண்டில் ஆஷிஷ் கான் ஒரு சரோதைப் பதிவு செய்து, அதன்மேல் இன்னொரு சரோதையும் தானே வாசித்திருக்கிறார். முதலில் ஒன்று மட்டும் தயங்கித் தயங்கிப் பேசுகிறது. மற்றது பதில் சொல்கிறது. போகப் போக இரண்டும் ஒன்றை ஒன்று முந்துகின்றன. வாசிப்பு முழுக்க முழுக்க கானுடையது. ஆனால் ஒருவரையே இருவராக்கிப் பேசவைப்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் வளர்ந்தவர்களின் யோசனை. பீட்டில்ஸ் அன்றாடம் செய்துவந்த வேலை அது. ‘ட்ரீம் சீன்’ இதைவிடத் துணிச்சலானது. இந்தியக் குரல்கள், புல்லாங்குழல், பின்னோக்கி ஓடும் டேப், ஹார்மோனிகா என்று ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ‘வெள்ளை ஆல்ப’த்தில் இதே போல ஒலித்துண்டுகளை ஒட்டிச் செய்த லெனனின் ‘ரெவல்யூஷன் 9’ உருவாவதற்குச் சில மாதங்கள் முந்தையது. இதைச் செய்தவரைப் ‘பெயர் மட்டும் கொடுத்தவர்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆல்பம் முழுவதும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘கௌபாய் மியூசிக்’, ‘பார்ட்டி சீகோம்ப்’ போன்றவை காட்சியை விட்டுப் பிரிந்தால் நிற்காதவை. உங்கள் ஏமாற்றத்தில் பாதியாவது அவற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது.

கிதார் எங்கே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஹாரிசன் 1966இல் பம்பாயில் ரவி சங்கரிடமும் அவருடைய மாணவர் சம்பு தாஸிடமும் சிதார் கற்றார். ‘வண்டர்வால்’ காலம் வரை அவருடைய பயிற்சி நேரமெல்லாம் சிதாருக்கே போனது. உங்கள் வேர் எது என்று ரவி சங்கர் 1968இல் கேட்ட பிறகே, தன்னால் பெரிய சிதார் கலைஞராக முடியாது என்று முடிவு செய்து கிதாருக்குத் திரும்பினார். திரும்பியவர் பழைய மாதிரி வாசிக்கவில்லை. 1970இல் ‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலில் கேட்கும் ஸ்லைடு கிதாரை, அதாவது தந்திமேல் குழாயை நகர்த்தி வாசிப்பதை, மறுபடி கவனியுங்கள். அன்றைய ராக் கிதார் பெரும்பாலும் ப்ளூஸ் வாக்கியங்களில் பேசிக்கொண்டிருந்தபோது, இது சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து, கமகத்தோடு பாடுவது போலப் போகிறது. ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’தான் முதல் ஆல்பம் என்று நினைப்பவர்கள் அந்தக் கிதார் எங்கிருந்து வந்தது என்ற கணக்கைத் தவறவிடுகிறார்கள் என்பதே என் கருத்து.

அவர் குரலையும் தேடியிருக்கிறீர்கள். அதே ஜனவரியில், அதே பம்பாய்க் கூடத்தில், அதே கலைஞர்களில் சிலரை வைத்து இன்னொரு பாடலுக்கும் இசை பதிவானது. அடுத்த மாதம் லண்டனில் ஹாரிசன் அதன்மேல் பாடினார். ‘தி இன்னர் லைட்’ என்ற அந்தப் பாடல், 1968 மார்ச்சில் ‘லேடி மடோனா’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் பீட்டில்ஸ் பெயரில் வந்தது. ‘வண்டர்வால் மியூசிக்’கின் 2014 மறுபதிப்பில் அதன் இசையின் வேறொரு பதிவு குரல் இல்லாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலில் குரலோடு கேளுங்கள், பிறகு குரல் இல்லாமல். அதன்பின் ‘லவ் சீன்’ துண்டிலிருந்து ஆல்பத்தை மறுபடி தொடங்கலாம். ‘கௌபாய் மியூசிக்’ வரும்போது தாண்டிவிடுங்கள்.