இடியப்பம் தலையில் ஏறினால் அதட்டலாமா?

கேள்வி: எனது மகனுக்கு 5 வயது. போன கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, சட்டியில் கிடந்த மீனின் வாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பாடுற மீனா, கறி மீனா?" என்று கேட்டான். திரும்பச் சொல்லவைத்து, போனில் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டோம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனோ அழுதுகொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். ஆனால் ஆட்கள் வந்திருந்த அன்று இடியப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு "நான்தான் அம்மம்மா" என்று தானே சிரிக்கிறான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அதட்டி எழுப்பிவிட்டேன். இந்தக் குழப்படியை எப்படி நிறுத்துவது?
- ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, நிறுத்த வேண்டியது அவனுடைய குழப்படியை இல்லை. அவன் சிரிக்கச் சொன்ன இடத்தில் முறைத்திருக்கிறீர்கள், சிரிக்காமல் கேட்ட இடத்தில் ஊரையே கூட்டிச் சிரித்திருக்கிறீர்கள்.

முதலில் மீன். மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு, வாவிக்குள் மீன் பாடும் என்ற கதையைச் சொன்னது நாம்தான். சொன்னதை நம்பிய பிள்ளை வீட்டுக்கு வந்த மீனிடமே சோதித்துப் பார்த்திருக்கிறான். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துத்தானே கேட்பார்கள், உங்கள் மகனும் காதைத்தான் கொண்டுபோயிருக்கிறான். பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று பெரியவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்க, 5 வயதுப் பிள்ளை கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? அவன் பகிடி விடவில்லை, விசயம் கேட்டான். பதில் வரவில்லை, சிரிப்பு வந்தது. எனது தங்கையின் மகள் 4 வயதில் சொன்ன ஒன்றை, வருகிறவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தோம், நானும்தான். கொஞ்ச நாளில் பெரியவர்கள் இருந்தால் அவள் வாயே திறப்பதில்லை என்றாகிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் மனம் பாரமாகிறது.

இடியப்பம் வேறு கதை. அது பகிடி, நல்ல பகிடி. வெள்ளை இடியப்பமும் அம்மம்மாவின் நரைமுடியும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அது முடி இல்லை என்று தனக்குத் தெரிய வேண்டும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும் என்பது விளங்க வேண்டும், இவ்வளவும் சேர்ந்தால்தான் அங்கே சிரிப்பு. பூனையைக் காட்டி "மாடு" என்று சொல்லிவிட்டு 2 வயதுப் பிள்ளை நம் முகத்தையே பார்க்குமே, அதிலிருந்து வளர்ந்து வருவது இது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்து விளையாடுவதெல்லாம் 6, 7 வயதில் வரும். சாப்பாட்டை வீணாக்காதே என்று சொல்லுங்கள், அது நியாயம், ஆனால் முதலில் சிரியுங்கள். அம்மம்மா சிரித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை, சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைக்கு விளையாட்டு எவ்வளவு பெரிய விசயம் என்று இந்த ஊருக்குத் தெரியாததும் இல்லை. 1996இல், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கித் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்தார்கள். படம் கீறவும் கதை சொல்லவும் விளையாடவும் விட்டார்கள், பயந்துபோன பிள்ளைகளுக்கு அதுதான் மருந்து. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயமும் 31ஆவது உறுப்புரையில் விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றுதான் சொல்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அந்த வீடியோவை அவன் கண்முன்னாலேயே குழுவிலிருந்து அழியுங்கள். மீன் பாட்டு சித்திரைக்கும் புரட்டாதிக்கும் நடுவே கேட்கும் என்பார்கள், அந்த மாதங்களில் ஒரு பௌர்ணமிக்கு அம்மம்மாவையும் சேர்த்துக்கொண்டு அவனைக் கல்லடிக்குக் கூட்டிப்போங்கள். தோணிக்காரர் யாராவது இருந்தால், துடுப்பை ஒருதரம் அவன் காதில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள்.