எலுமிச்சைக்கு மெழுகு: எந்தக் கேனை வாங்குவது?

கேள்வி: விலை விழுந்து கிடப்பதால் 500 கிலோ எலுமிச்சையைப் பூச்சு கொடுத்து கோல்ட் ஸ்டோரேஜில் வைக்கலாம் என்று இருக்கிறோம். கார்னோபா, ஷெல்லாக், கைட்டோசான் என்று மூன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கார்னோபா எமல்ஷன் (மெழுகைத் தண்ணீரில் கலந்த பால் மாதிரி திரவம்) வாங்குங்கள். பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. ஷெல்லாக் நம்ம ஊர் அரக்குதான். பளபளப்பில் கார்னோபாவை மிஞ்சும், ஆனால் பழத்தை மூச்சுவிட விடாது. குளிரறையிலிருந்து எடுத்ததும் பழம் வியர்க்கும் இல்லையா, அந்த ஈரத்தில் வெள்ளை பூத்தும் போகும். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. சைவக்காரர்களிடம் விற்கிறவர்கள் யோசிக்க வேண்டும். நம் உணவுப் பாதுகாப்பு விதி பழத்துக்கு அனுமதிக்கும் மெழுகுகள் தேன்மெழுகு, கார்னோபா, ஷெல்லாக். எதைப் பூசினாலும் அதன் பெயரை லேபிளில் போட வேண்டும்.

ஒரு டன்னுக்குச் சுமார் 1 லிட்டர் பிடிக்கும். கையால் ஸ்பாஞ்சில் தடவினால் இன்னும் அதிகம் பிடிக்கும் என்றாலும் உங்களுக்கு 1 லிட்டர் தாராளம். 20 லிட்டர் கேனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். இமசலில் மாதிரி பூஞ்சைக்கொல்லி கலந்ததா என்று கேளுங்கள். தோலோடு ஊறுகாய் போடுகிற பழம் இது, கலந்தது வேண்டாம். மார்ஃபோலின் (மெழுகு தண்ணீரோடு கலக்கச் சேர்க்கும் ரசாயனம்) சேர்த்த மெழுகுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை, அதையும் விசாரியுங்கள்.

பூஞ்சையை மெழுகு கொல்லாது. கீறல் பட்டது, காம்பு பிய்ந்து குழி விழுந்தது எல்லாவற்றையும் முதலிலேயே கழியுங்கள்; ஒன்றில் பச்சைப் பூசணம் பிடித்தால் அந்தப் பூசணத் தூள் கிரேட் முழுக்கப் பரவும். மிச்சப் பழத்தைக் கிருமி போகக் கழுவ, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. அதில் 2 நிமிடம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, ஃபேன் காற்றில் காம்படி வரை உலர்த்துங்கள். ஈரத்தின் மேல் பூசினால் மெழுகு திட்டுத்திட்டாக நிற்கும். பூசிய பிறகும் கையில் ஒட்டாத அளவு காய்ந்தால்தான் அடுக்க வேண்டும்.

அறை 9-10 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதத்தையொட்டி இருக்கட்டும். ஆப்பிள் வைத்த 1-2 டிகிரி அறையில் இடம் இருக்கிறது என்பார்கள். அங்கே தோலில் பழுப்புக் குழிகள் விழுந்துவிடும். வாரம் ஒரு பழத்தை அறுத்து மோந்து பாருங்கள். சாராய நெடி அடித்தால் பூச்சு தடித்துவிட்டது என்று அர்த்தம், அந்த லாட்டை உடனே விற்றுவிடுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய மினுமினுப்பான ஆரஞ்சின் தோலைத் துருவிக் கேக்கில் போடலாமா?

பதில்: அனுமதித்த மெழுகு உடம்புக்கு ஆகாதது இல்லை. ஆனால் கார்னோபா உருகவே 80 டிகிரிக்கு மேல் வேண்டும், குழாய்த் தண்ணீரில் போகாது. சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள். துருவலுக்கென்றே வாங்குவதானால் மெழுகு பூசாத பழமே மேல்.